எல்லையோரப் பாலைவன மாட்டுப்பண்ணைப் பகுதியின் பழைய வரைபடங்களைப் படிக்கும் முறை

அரிசோனா, நியூ மெக்ஸிகோ மாநிலங்களின், மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய தென்கோடி வரைபடங்களை அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் டோபோவியூ தளத்தில் இலவசமாக இறக்கலாம். கணினியில் மற்ற அடுக்குகளோடு பொருத்த ஜியோடிஃப் (இருப்பிடத் தகவலும் சேர்ந்த படக்) கோப்பே நல்லது. ஒரே இடத்துக்கு 1:62,500, 1:24,000 என இரண்டு அளவிலும் கிடைத்தால் இரண்டையும் எடுங்கள். முன்னது பெரும்பாலும் பழையது. பின்னதில் ஓர் அங்குலம் தரையில் 2,000 அடி.

முதலில் இடது கீழ் ஓரக் குறிப்பைப் படியுங்கள். விமானப் படம் எடுத்த ஆண்டும் களத்தில் சரிபார்த்த ஆண்டும் அங்கேதான் இருக்கும். வலது கீழே உள்ள ஆண்டை மட்டும் நம்பினால் ஏமாற்றமே. ஊதா நிறத்தில் இருப்பவை பிற்பாடு விமானப் படம் பார்த்துச் சேர்த்தவை. பெரும்பாலும் யாரும் நேரில் போய்ப் பார்த்ததில்லை.

அதிகம் சறுக்குவது ஆயத்தளத்தில், அதாவது இட எண்களைக் கணக்கிட அடிப்படையாக வைக்கும் அளவை முறையில் (datum). பழைய தாள்கள் 1927 ஆயத்தளத்தில் உள்ளவை. ஜிபிஎஸ் கருவியின் ஆயத்தள அமைப்பை மாற்றாமல் தாளின் யூடிஎம் எண்ணை (மீட்டரில் இடத்தைக் குறிக்கும் கட்ட எண்) அப்படியே இட்டால், வடக்கு தெற்காகச் சுமார் 200 மீட்டர் தள்ளிப்போய் நிற்பீர்கள். கருவியில் 'நாட் 27 கோனஸ்' (NAD27 CONUS) என்று மாற்றுங்கள். சந்தேகமா? நாட்டு எல்லைக்கல் ஒன்றை வைத்துச் சோதியுங்கள். அவற்றின் எண்கள் தாளிலேயே அச்சாகியிருக்கும்.

'டேங்க்' என்றால் இங்கே பெரும்பாலும் மாடுகளுக்கான மண்கரைக் குட்டை, தொட்டியல்ல. நீலக் கோடு புள்ளியிட்டு ஓடினால் மழைக்கு மட்டும் வரும் ஓடை. தண்ணீர் இறைக்கும் காற்றாலையின் குறி இருப்பதால் இன்றும் தண்ணீர் உண்டென்று தயவுசெய்து நம்பிப் போகாதீர்கள்.