ஒரு மரம், இரண்டு மொழி: மழலையர் வகுப்பில் பருவங்களைச் சொல்லிக்கொடுக்கும் முறை

பருவங்கள் பற்றிய பாடம் பெரும்பாலும் ஒரே வாரத்தில் முடிந்துவிடுகிறது. சார்ட்டில் படம், படத்துக்குக் கீழே பெயர், எல்லாரும் கூட்டாக ஒருமுறை சொல்வது, வெள்ளிக்கிழமையோடு சரி. இரண்டு மொழியில் நடக்கும் வகுப்பு என்றால் அதே பெயர்களை இரண்டு தடவை சொல்வார்கள். ஆனால் பருவம் என்பதே மாற்றம்தானே? மாற்றம் கண்ணில் பட வேண்டுமென்றால் ஒரே பொருளைப் பல மாதம் பார்க்க வேண்டும்.

அதனால் நான் ஒரு மரத்தை எடுத்துக்கொள்கிறேன். வாரம் ஒருமுறை, 20 நிமிடம், வருடம் முழுக்க அதே மரம். இருமொழி வகுப்புக்கு இதில் கூடுதல் பலன் உண்டு. அதே இலையும் கிளையும் காற்றும் திரும்பத் திரும்ப வருவதால், சொற்களும் தாமாகவே திரும்பி வருகின்றன. மனப்பாடம் தேவைப்படுவதில்லை.

4 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கான முறை இது. புதிதாக வகுப்பெடுக்க வந்திருக்கும் ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: எந்த மொழி எப்போது என்று முடிவு செய்யுங்கள்

மரத்தைத் தேடும் முன்பே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். என் முதல் வருடத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு மொழியிலும் அடுத்தடுத்துச் சொன்னேன். எல்லாருக்கும் புரிய வேண்டும் என்ற அக்கறைதான். சில வாரங்களில் பார்த்தால், தெரியாத மொழி வரும்போது குழந்தைகள் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறார்கள், தெரிந்த மொழி வந்ததும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அடுத்த நிமிடம் தெரிந்த மொழியிலேயே வந்துவிடும் என்றால், தெரியாததை எதற்காகக் கவனிக்க வேண்டும்? அவர்கள் செய்தது சரிதான். தவறு என் முறையில் இருந்தது.

ஒருவருக்கு ஒரு மொழி என்ற வழி பழையது. மொழியியலாளர் ழூல் ரோன்ழா, தானும் மனைவியும் மகனிடம் ஆளுக்கு ஒரு மொழியாகப் பிரெஞ்சும் ஜெர்மனும் பேசி வளர்த்ததை 1913ஆம் ஆண்டிலேயே புத்தகமாக எழுதினார். உங்கள் வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் இதையே பின்பற்றலாம். தனியாக இருந்தால் வாரத்தைப் பிரியுங்கள்: இந்த வாரம் மரத்தடியில் ஒரு மொழி, அடுத்த வாரம் மற்றது. குழந்தைகளுக்கு அடையாளம் தெரிய, மொழிக்கு ஒரு நிறத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு. குழந்தை விழுந்துவிட்டாலோ, பயந்தாலோ, அழுதாலோ, கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றாலோ, அந்தக் குழந்தைக்குப் புரியும் மொழியில் உடனே பேசுங்கள். துண்டின் நிறத்தையெல்லாம் அப்போது பார்க்க வேண்டாம்.

படி 2: மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

வகுப்பிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கிளையாவது இருந்தால் நல்லது. இலை உதிர்க்கும் மரம் என்றால் மாற்றம் பளிச்சென்று தெரியும். பசுமை மாறாத மரத்திலும் தளிர், பூ, காய், பட்டை, எறும்பு என்று பார்க்க நிறைய உண்டு. முள், பால் வடியும் கிளை, நச்சுத்தன்மை மூன்றையும் தவிருங்கள். அரளி அழகாகப் பூக்கும், ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. என்ன மரம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரிடம் கேட்ட பிறகே குழந்தைகளை அழைத்துப் போங்கள்.

மரமே இல்லையா? ஒரு பெரிய தொட்டிச் செடி போதும். ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபல் 1840இல் தன் பள்ளிக்குக் ‘கிண்டர்கார்டன்’, அதாவது குழந்தைகளின் தோட்டம் என்று பெயர் வைத்தபோது, அங்கே குழந்தைகள் நிஜமாகவே மண்ணைக் கிளறி வளர்த்தார்கள்.

படி 3: சொற்களைக் குறைவாக எடுங்கள்

ஒரு பருவத்துக்கு, ஒரு மொழிக்கு, ஆறு முதல் எட்டுச் சொற்கள். அவற்றில் பாதியாவது வினைச்சொற்களாக இருக்கட்டும். இலை, கிளை என்ற பெயர்களைக் குழந்தைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் உதிர்கிறது, துளிர்க்கிறது, நனைகிறது, ஆடுகிறது என்பவைதான் வாக்கியத்தை நகர்த்துகின்றன. அவற்றோடு தொட்டுச் சொல்லும் சொற்களையும் சேருங்கள்: வழவழ, சொரசொர, மொறுமொறு. ஒலியே பொருளைச் சொல்லிவிடுவதால் தமிழ் தெரியாத குழந்தையும் இவற்றை முதல் நாளே பிடித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இடப்பக்கம் ஒரு மொழி, வலப்பக்கம் மற்றது என்று பட்டியல் போடாதீர்கள். மொழிகள் உலகத்தை ஒரே இடத்தில் வெட்டுவதில்லை. தமிழில் ஒரே இலைக்கு வயதுக்கேற்ற பெயர் இருக்கிறது: கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. பல மொழிகளில் ‘இலை’க்கு முன்னால் ஓர் அடைமொழி போட்டுத்தான் இதைச் சொல்ல முடியும். ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பருவங்கள் நான்கு. தமிழ் மரபில் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு. சொல்லுக்குச் சொல் பொருத்தப் போனால் இந்த அழகு முழுவதும் கையை விட்டுப் போய்விடும். சருகைக் கையில் கொடுத்து, இந்த மொழி இதை எப்படிச் சொல்கிறது என்று அந்த மொழிக்கான வாரத்தில் சொன்னால் போதும்.

சொற்களோடு மூன்று வாக்கியச் சட்டங்கள்: “எனக்கு … தெரிகிறது”, “இது … மாதிரி இருக்கிறது”, “போன வாரம் …, இப்போது …”. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். இறந்த காலமும் நிகழ்காலமும் ஒரே மூச்சில் வருவது அதில்தான். பருவம் என்ற கருத்தும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

படி 4: முதல் நாள்

கிளம்பும் முன் வகுப்பிலேயே ஐந்து நிமிடம் உடம்பால் விளையாடுங்கள். “எல்லாரும் மரம் ஆகுங்க. காத்து வருது, ஆடுங்க. இப்ப இலை உதிருது, மெதுவா கீழே வாங்க.” நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். வாய்க்கு வரும் முன் மொழி உடம்புக்கு வருகிறது. ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியலாளர் 1960களில் ஒரு கற்பித்தல் முறையையே இந்த அடிப்படையில் உருவாக்கினார். ஒரு வார்த்தைகூடப் பேசாத குழந்தை சரியான நேரத்தில் ‘உதிர்ந்தால்’, அந்தச் சொல் அதற்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

மரத்தடியில் முதல் இரண்டு நிமிடம் யாரும் பேச வேண்டாம், நீங்களும்தான். பார்ப்பது, கேட்பது, பட்டையைத் தடவுவது மட்டும். அப்புறம் ஒரு கேள்வி: “என்ன தெரிகிறது?” கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடிக்கு நீட்டினால் பதில்கள் நீள்கின்றன என்றும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். இரண்டாவது மொழியில் பதில் தேடும் குழந்தைக்கு மூன்று நொடியும் போதாது என்பது என் அனுபவம். மனதுக்குள் மெதுவாக ஐந்து வரை எண்ணுங்கள். முதலில் அந்த மௌனம் கஷ்டமாக இருக்கும், பழகிவிடும்.

திரும்பும் முன் ஆளுக்கு ஓர் இலை. கீழே கிடப்பதை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்பதை முதல் நாளே விதியாக்கிவிடுங்கள். உள்ளே வந்ததும் கை கழுவல்.

படி 5: இலையைத் தாளில் ஏற்றுங்கள்

இலையை நரம்புப் பக்கம் மேலே வருமாறு வைத்து, மேலே மெல்லிய தாளைப் போட்டு, மெழுகுக் கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். தாள் நகராமல் இரண்டு மூலையில் டேப் ஒட்டுங்கள். காய்ந்த சருகு நொறுங்கிவிடும், கொஞ்சம் ஈரம் உள்ள இலைதான் சரி. நரம்புகள் ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பி வரும்போது குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதை நீங்களே காண்பீர்கள். பேச்சை இழுக்க அதைவிட நல்ல தருணம் கிடையாது.

குழந்தை சொல்வதைத் தாளின் அடியில், சொன்னபடியே எழுதுங்கள். “கிரீன் இலை விழுந்துச்சு” என்று சொன்னால் அப்படியே. இரண்டு மொழியையும் கலப்பது குழப்பத்தின் அடையாளமல்ல. இருமொழிக் குழந்தை தன்னிடம் இருப்பதையெல்லாம் எடுத்துப் பயன்படுத்துகிறது. “தப்பு, பச்சைன்னு சொல்லு” என்று நிறுத்த வேண்டாம். “ஆமா, பச்சை இலை விழுந்துச்சு! எங்கே விழுந்துச்சு?” என்று சரியான வடிவத்தை உங்கள் பதிலுக்குள் வைத்துப் பேச்சைத் தொடருங்கள்.

படி 6: பருவத்தைப் பின்தொடருங்கள்

உங்கள் ஜன்னலுக்கு வெளியே என்ன நடக்கிறதோ அதுதான் பாடம். பனியே பெய்யாத இடத்தில் பஞ்சை ஒட்டிப் பனிமனிதன் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகே வெப்பநிலை ஆண்டு முழுக்க அதிகம் மாறாது. அங்கே மழையும் வறட்சியும்தான் பருவங்கள். உங்களிடம் உள்ள படப்புத்தகங்கள் வேறு தட்பவெப்பத்தில் எழுதப்பட்டவையாக இருக்கலாம், அவற்றை வேறிடத்துக் கதையாகப் படித்துக் காட்டுங்கள்.

*மழை.* பக்கங்கள் நேராக உள்ள, ஒரே அகலமான இரண்டு ஜாடிகள். ஒன்று திறந்தவெளியில், ஒன்று மரத்தின் அடர்ந்த பகுதிக்குக் கீழே. மழை விட்டதும் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலும் மரத்தடி ஜாடியில் குறைவாக இருக்கும். “மீதித் தண்ணி எங்கே போச்சு?” என்று கேளுங்கள். இலையில் தங்கியிருப்பதைக் குழந்தைகளே நிமிர்ந்து பார்த்துச் சொல்வார்கள். அடுத்து, தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் வரையுங்கள். 1 மில்லிமீட்டர் மழை என்றால் அந்தச் சதுரத்தில் சரியாக 1 லிட்டர் தண்ணீர். ஜாடியில் 12 மில்லிமீட்டர் இருந்தால் ஒரு லிட்டர் பாட்டில்கள் பன்னிரண்டைச் சதுரத்துக்குள் நிறுத்துங்கள். எண்ணிக்கை அந்த வாரத்து மொழியில் நடக்கட்டும்.

*காற்று.* பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஃபிரான்சிஸ் போஃபர்ட் 1805இல் கடற்பயணத்துக்காக வகுத்த காற்று அளவுகோலைப் பிறகு நிலத்துக்கும் பொருத்தினார்கள். அதில் 2 என்றால் முகத்தில் காற்று பட்டு இலைகள் சலசலக்கும், 3இல் இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசையும், 4இல் சின்னக் கிளைகள் ஆடும், 5இல் சிறு மரமே ஆடும். விரல், கை, தோள், முழு உடம்பு என்று குழந்தைகளை ஆடவிடுங்கள். 5ஐத் தொட்டால் மரத்தடிக்குப் போகாமல் ஜன்னல் வழியாகப் பாருங்கள்.

*இலை நிறம் மாறுதல்.* பல இலைகளில் மஞ்சள் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. பச்சையம் சிதையும்போது அது வெளியே தெரிகிறது. மஞ்சள் தாளில் இலை வெட்டி, மேலே பச்சை செலபோன் தாளை வைத்து, மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். “மஞ்சள் எங்கிருந்து வந்துச்சு?” “உள்ளேயே இருந்துச்சு!” சிவப்புக்கு இந்த விளக்கம் பொருந்தாது. பல மரங்கள் சிவப்பு நிறமியை அந்தச் சமயத்தில்தான் புதிதாக உண்டாக்குகின்றன.

*வெயில்.* மாதம் ஒருமுறை, அதே மணிக்கு, ஒரு கம்பத்தின் நிழலைச் சாக்பீஸால் வரைந்து நூலால் அளந்துவையுங்கள். பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதால் நூல்களின் நீளம் மாதத்துக்கு மாதம் மாறும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள்.

படி 7: சுவரில் ஆண்டுக் கோடு

நீளமான தாளில் 12 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் மரத்தின் ஒரு புகைப்படம், ஓர் இலை, குழந்தைகள் சொன்ன இரண்டு மூன்று வாக்கியங்கள். புகைப்படம் எப்போதும் ஒரே இடத்திலிருந்து எடுக்கப்பட வேண்டும், நிற்கும் இடத்தில் ஒரு கல்லைப் பதித்துவிடுங்கள். மொழிக்கு ஒரு மை நிறம். தோளில் போடும் துண்டின் நிறமே அதற்கும் இருக்கட்டும்.

படி 8: பேசாத குழந்தையும் வீடும்

புதிய மொழியில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பேசாமல் இருப்பது இயல்பு. அந்தக் குழந்தை சுட்டிக்காட்டுகிறதா, சொன்னதைச் செய்கிறதா, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறதா என்று குறித்துவையுங்கள். அன்றாடப் பேச்சு வரச் சுமார் 2 ஆண்டும், பாடங்களுக்கான மொழி வர 5 முதல் 7 ஆண்டும் ஆகலாம் என்பது இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸின் ஆய்வுகள் காட்டிய கணக்கு. ஒரு வருடத்தில் எல்லாம் வந்துவிட வேண்டும் என்று பதற வேண்டாம்.

பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வீட்டு மொழியை விட்டுவிடாதீர்கள். தாத்தா பாட்டிக்குத் தெரிந்த இலைச் சொற்களையும் மழைச் சொற்களையும் குழந்தையிடம் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். சொல்வளத்தைக் கணக்கிடும்போது இரண்டு மொழியையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டிலுமே சொற்கள் மிகக் குறைவாக இருந்தாலோ, செவியில் குறை இருக்குமோ என்று தோன்றினாலோ, தள்ளிப்போடாமல் நிபுணரிடம் காட்டச் சொல்லுங்கள்.

பன்னிரண்டாம் மாதத்தில், முதல் படத்தை எடுத்துக் கடைசிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அன்றைக்கு மட்டும் தோளில் துண்டு வேண்டாம். “என்ன மாறியிருக்கிறது?” என்று கேட்காமல் சும்மா உட்காருங்கள். முதல் குழந்தை எந்த மொழியில் ஆரம்பிக்கிறதோ, அதிலேயே நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.