இங்கிலாந்தில் நர்சரி கட்டணம்: 30 மணி நேரம் இலவசம் என்றால் பில் ஏன் வருகிறது?

வாரம் 30 மணி நேரம் இலவசம் என்று கேள்விப்பட்டுக் குழந்தையைச் சேர்த்தவர்கள் முதல் மாத பில்லைப் பார்த்துத் திகைப்பது வழக்கம். பெரும்பாலும் நர்சரி ஏமாற்றியிருக்காது, கணக்குதான் வேறு. அரசு தருவது ஆண்டுக்கு 38 வாரங்கள், அதாவது பள்ளி நடக்கும் வாரங்கள் மட்டும். 30-ஐ 38-ஆல் பெருக்கினால் 1,140 மணி நேரம். அதுதான் உங்கள் முழு ஒதுக்கீடு. நர்சரியோ ஆண்டுக்கு 51 வாரம் திறந்திருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. மணிக்கு 8 பவுண்டு வாங்கும் நர்சரி; காலை 8 முதல் மாலை 6 வரை, வாரம் மூன்று நாள், 51 வாரம். மொத்தம் 1,530 மணி நேரம். உதவி எதுவும் இல்லையென்றால் ஆண்டுக்கு 12,240 பவுண்டு, மாதம் 1,020. இதில் 1,140 மணி நேரத்தை அரசு ஏற்றால் மிச்சம் 390 மணி நேரம்: ஆண்டுக்கு 3,120, மாதம் 260 பவுண்டு. இதன்மேல் சாப்பாடு, நாப்பி என்று நாளைக்கு 6 பவுண்டு போட்டால் மாதம் 76.50. ஆக பில் 336.50. இலவச நேரத்தை ஆண்டு முழுக்கப் பரப்பிக் கொடுக்கும் நர்சரியில் பில் மாதாமாதம் ஒரே அளவாக வரும், வாரத்துக்கு ஏறக்குறைய 22 மணி நேரம் கழியும். பள்ளி நாள்களில் மட்டும் கொடுக்கும் நர்சரியில் ஆகஸ்ட் பில் திடீரென்று முழுத்தொகையாக வந்து நிற்கும். இரண்டில் எது என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள். பரப்பித் தரவேண்டும் என்று நர்சரியைக் கட்டாயப்படுத்த முடியாது.

யாருக்கு எவ்வளவு

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் வாரம் 15 மணி நேரம் உண்டு. பெற்றோர் வேலை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, விசாவும் பார்ப்பதில்லை. 30 மணி நேர இலவசமோ வேலை பார்க்கும் பெற்றோருக்கு மட்டும்தான். 2025 செப்டம்பரிலிருந்து அது ஒன்பது மாதக் குழந்தையிலிருந்தே கிடைக்கிறது.

துணை இருந்தால் இருவரும் சம்பாதிக்க வேண்டும். ஒவ்வொருவரும் குறைந்தபட்ச ஊதியத்தில் வாரம் 16 மணி நேரம் வேலை செய்தால் என்ன வருமோ அந்த அளவாவது. 21 வயதுக்கு மேற்பட்டவருக்கு 2025 ஏப்ரல் விகிதப்படி (மணிக்கு 12.21 பவுண்டு) மூன்று மாதத்துக்கு 2,539 பவுண்டு, ஒவ்வோர் ஏப்ரலிலும் இது உயரும். சுயதொழில் தொடங்கி ஓராண்டு ஆகாதவருக்கு இந்தக் கீழ்வரம்பு பொருந்தாது.

மேல்வரம்பு ஆளுக்கு 1 லட்சம் பவுண்டு. இது விசித்திரமான விதிதான்: கணவன் மனைவி இருவரும் 99,000 வாங்கினால் கிடைக்கும், ஒருவர் 101,000, மற்றவர் 20,000 என்றால் இந்த 30 மணி நேரம் கிடையாது. சம்பளத்தோடு போனஸ், வட்டி, வாடகை வருமானமும் சேரும். பென்ஷனுக்குப் போடும் பணம் கழியும். மார்ச்சில் போனஸ் வந்து வரம்பைத் தாண்டும் நிலையிலிருப்பவர்கள், வரி ஆண்டு முடியும் ஏப்ரல் 5-க்குள் பென்ஷனில் கூடுதலாகப் போட்டுக் கீழே கொண்டுவருவது சட்டப்படி சரியான வழி.

விசாவில் ‘பொது நிதி உதவி கிடையாது’ என்ற நிபந்தனை உள்ள குடும்பங்கள் இங்கே கவனிக்க வேண்டும். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இந்த வகைதான். இருவருக்கும் அந்த நிபந்தனை இருந்தால், எவ்வளவு வரி கட்டினாலும் 30 மணி நேரம் கிடைக்காது. ஒருவர் குடியுரிமையோ செட்டில்டு நிலையோ (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) பெற்றிருந்தால் போதும். மூன்று வயதில் 15 மணி நேரம் எப்படியும் உண்டு. இரண்டு வயதிலேயே 15 மணி நேரம் பெறவும் வழியிருக்கிறது: ஒரு குழந்தை என்றால் குடும்ப வருமானம் லண்டனில் 34,500, வெளியே 26,500 பவுண்டுக்குள், இரண்டு அல்லது மேற்பட்ட குழந்தைகள் என்றால் 38,600, 30,600-க்குள், சேமிப்பு 16,000-ஐத் தாண்டக்கூடாது. இதற்கு உங்கள் பகுதிக் கவுன்சிலிடம்தான் (உள்ளாட்சி நிர்வாகம்) விண்ணப்பிக்க வேண்டும். பல கவுன்சில்களின் இணையதளத்தில் இது கண்ணில் படாத மூலையில் இருக்கும், எனவே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

தேதியில்தான் பணம் போகிறது

வருமானத் தகுதி இருந்தும் ஒரு தவணை (பள்ளிப் பருவம்) முழுக்கக் காசு கட்டுபவர்கள், அநேகமாகத் தேதியைத் தவறவிட்டவர்கள். குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்த அன்றே எதுவும் தொடங்காது. அதற்கு அடுத்த தவணையில்தான் தொடங்கும். தவணைகள் செப்டம்பர் 1, ஜனவரி 1, ஏப்ரல் 1. நவம்பர் 20-இல் பிறந்த குழந்தைக்கு ஆகஸ்ட் 20-இல் ஒன்பது மாதம், செப்டம்பரிலேயே தொடங்கலாம். டிசம்பர் 5-இல் பிறந்த குழந்தைக்குச் செப்டம்பர் 5-இல்தான் ஒன்பது மாதம், ஆகவே ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். இரண்டு வாரம் தள்ளிப் பிறந்ததற்கு நான்கு மாதக் கட்டணம்!

தவணை தொடங்குவதற்கு முந்தைய நாளுக்குள், அதாவது ஆகஸ்ட் 31, டிசம்பர் 31, மார்ச் 31-க்குள், உங்களுக்கு 30 மணி நேரத் தகுதி உண்டு என்று அரசு தரும் 11 இலக்கக் கோட் உங்கள் கையில் இருக்க வேண்டும். குழந்தைக்கு 23 வாரம் ஆனதுமே அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். சிலருக்குக் கோட் உடனே வரும்; விவரம் பொருந்தாவிட்டால் நாள்கணக்கில் ஆகும். நம்மவர்களுக்குப் பெயர் ஒரு தொல்லை. அப்பா பெயர் ஓர் ஆவணத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருக்கும். வரித்துறையிடம், அதாவது பே ஸ்லிப்பில், பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். சிக்கினால் 0300 123 4097 என்ற சைல்ட்கேர் உதவி எண்ணை அழைக்கலாம்.

நர்சரி அந்தக் கோடைச் சரிபார்க்கக் குழந்தையின் பிறந்த தேதியும், விண்ணப்பித்தவரின் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணும் வேண்டும். அம்மா விண்ணப்பித்துவிட்டு அப்பாவின் எண்ணைக் கொடுத்தால் கோட் செல்லாது என்றே காட்டும்.

மகப்பேறு விடுப்பிலிருந்து திரும்புபவர், செப்டம்பர் தவணை வேண்டுமென்றால் அந்த மாதம் 30-க்குள் வேலையில் இருக்க வேண்டும். ஜனவரித் தவணைக்கு ஜனவரி 31, ஏப்ரலுக்கு ஏப்ரல் 30.

கோட் கிடைத்ததோடு வேலை முடியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே போய் விவரம் மாறவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். நினைவூட்டல் வரும், ஸ்பாம் பெட்டிக்குள்ளும் போகும். போன் காலண்டரில் நீங்களே குறித்துவையுங்கள்.

மிச்சத்தைக் குறைக்க

மீதிப் பில்லுக்கு இரண்டு வழி, இரண்டையும் ஒருசேர எடுக்க முடியாது. முதலாவது டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேர். வருமான, விசா விதிகள் 30 மணி நேரத்துக்கு உள்ளவையே. ஆன்லைன் கணக்கில் நீங்கள் 8 பவுண்டு போட்டால் அரசு 2 போடும். ஒரு குழந்தைக்கு மூன்று மாதத்துக்கு 500 வரை, ஊனமுற்ற குழந்தைக்கு 1,000 வரை. அந்த வரம்பில் பயன்படுத்தாததை அடுத்த காலாண்டுக்கு எடுத்துச்செல்ல முடியாது. மேலே சொன்ன 260 பவுண்டில் 52-ஐ அரசு தரும், நீங்கள் 208 போட்டால் போதும். நர்சரிக்குப் பணம் போய்ச்சேர ஓரிரு வேலை நாள் ஆகலாம், அதனால் கெடு நாளன்று அனுப்பாதீர்கள்.

இரண்டாவது யூனிவர்சல் கிரெடிட், அதாவது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை. செலவில் 85 விழுக்காடு வரை திரும்பக் கிடைக்கும். 2025-26-இல் மாத உச்சவரம்பு ஒரு குழந்தைக்கு 1,031.88, இரண்டு அல்லது அதற்கு மேல் 1,768.94 பவுண்டு. முதலில் நீங்கள் கட்டிவிட்டு, ரசீதைக் காட்டி, பணம் கட்டிய கணக்கு மாதத்துக்கு (உதவித்தொகையைக் கணக்கிடும் ஒரு மாத காலம்) அடுத்த கணக்கு மாதம் முடிவதற்குள் தெரிவிக்க வேண்டும். புதிதாக வேலையில் சேர்பவர் முதல் மாதக் கட்டணத்துக்கு ஜாப் சென்டரிடம் (அரசு வேலைவாய்ப்பு அலுவலகம்) முன்பண உதவி கேட்கலாம். ஏற்கெனவே யூனிவர்சல் கிரெடிட் வாங்குபவர் யாரோ சொன்னார்கள் என்று டாக்ஸ்-ஃப்ரீக்குத் தாவினால் வீட்டு வாடகை உதவி உட்பட மொத்தமும் நின்றுபோகும். இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் தொடவே வேண்டாம்.

நர்சரி கேட்கக்கூடாதவை

இலவச நேரத்துக்கு மேல்கட்டணம் வாங்கக்கூடாது. கவுன்சில் தரும் பணம் போதவில்லை என்று வித்தியாசத்தை உங்களிடம் கேட்பது விதிமீறல். சாப்பாடு, நாப்பி, சன் கிரீம் போன்றவற்றுக்குக் கட்டணம் கேட்கலாம், ஆனால் கட்டினால்தான் இடம் என்று சொல்ல முடியாது. மறுத்தால் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லலாம். இலவச நேரம் மட்டும் எடுப்பவரிடம் திருப்பித்தராத முன்பணமும் வாங்கக்கூடாது. பில்லில் இலவச நேரம், கூடுதல் நேரம், உணவு, மற்ற பொருள்கள் எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். ‘ஃபண்டிங் கழிவு’ என்று ஒரே தொகையாக இருந்தால் எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் கவுன்சிலின் குடும்பத் தகவல் பிரிவிடம் புகார் செய்யலாம்.