உயில் எழுதுகிறவர்கள் சாட்சியில் கோட்டை விடாதீர்கள்

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்துவிடுவதே நல்லது. பின்னாளில் 'கையெழுத்து அப்பாவுடையதே இல்லை' என்று கிளம்புகிறவர்கள் வாயைப் பெரும்பாலும் அடைத்துவிடும்.

சிக்கல் வருவது சாட்சியில்தான். இந்து, கிறிஸ்தவர் இருவருக்குமே குறைந்தது 2 சாட்சிகள், எழுதியவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். வழக்கு என்று போனால் உயிரோடிருக்கும் சாட்சி ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்லியாக வேண்டும். எனவே உங்களைவிட வயதில் இளையவராக, அக்கம்பக்கத்திலேயே இருப்பவராகப் பாருங்கள். எழுபது வயது நண்பர் வேண்டாம். ராயபுரம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கவனிக்க: சொத்து பெறுகிறவரோ அவர் கணவன், மனைவியோ சாட்சி போட்டால், உயில் நிற்கும், அவருக்கு எழுதிய பங்கு போய்விடும். திருமணத்துக்கு முன் எழுதிய உயிலும் திருமணத்தோடு ரத்து. மண்ணடி முஸ்லிம் குடும்பங்களில், வாரிசுகள் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் செல்லாது.

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பழைய வீடுகளுக்குக் கதவு எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். பழைய எண், புதிய எண், சர்வே எண், நான்கெல்லை, தாய்ப்பத்திர (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்) எண், ஆண்டு எல்லாம் வரட்டும்.

வரி? உயிலில் வந்த வீட்டுக்கு, அது உங்கள் கைக்கு வரும்போது வருமான வரி இல்லை. விற்கும்போது மூலதன ஆதாய வரி (விற்ற லாபத்துக்கான வரி) உண்டு. அப்பா வாங்கிய விலைதான் கணக்கு என்பதால் அவருடைய கிரயப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள். 1.4.2001-க்கு முன் வாங்கியதென்றால், வாங்கிய விலைக்குப் பதில் 1.4.2001 அன்றிருந்த சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அது அதே தேதியின் வழிகாட்டி மதிப்பை (பத்திரப்பதிவுக்கு அரசு வைத்த மதிப்பு) தாண்டக் கூடாது.