ஹிஸ்பானிய மரபு மாதத்தில் என்ன வாசிக்கலாம், எப்படி வாசிக்கலாம்

அமெரிக்காவில், ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் வேர்கொண்டவர்களின் மரபைப் போற்றும் ஹிஸ்பானிய மரபு மாதம் செப்டம்பர் 15 அன்று தொடங்கி அக்டோபர் 15 அன்று முடிகிறது. குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், நிகராகுவா, கோஸ்டா ரிக்கா ஆகிய ஐந்து நாடுகளும் 1821இல் விடுதலை பெற்ற நாள் என்பதாலேயே தொடக்கம் இப்படி மாதத்தின் நடுவில் அமைந்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போது அந்த முப்பத்தோரு நாளுக்குள் எல்லா நாடுகளையும் சுற்றிவர முயல வேண்டாம். நாட்டுக்கொரு புத்தகமென அடுக்கினால் கொடியும் தின்பண்டமும்தான் பிள்ளைகளின் நினைவில் தங்கும். ஒரே இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் தொடங்குவது நல்லது. அங்கிருந்து வந்து 1921இல் நியூயார்க் பொது நூலகத்தில் பணிக்குச் சேர்ந்த பூரா பெல்ப்ரே வழிகாட்டியாகக் கிடைக்கிறார். தம் பாட்டியிடம் கேட்ட கதைகள் நூலக அலமாரியில் ஒன்றுகூட இல்லாததைக் கண்ட அவர், அவற்றைத் தாமே சொன்னார், பொம்மலாட்டமாக ஆடிக்காட்டினார், 1932இல் அச்சிலும் கொண்டுவந்தார்.

அப்படி வெளிவந்த முதல் கதை மார்ட்டினா என்ற கரப்பான் பூச்சியையும் பெரெஸ் என்ற எலியையும் பற்றியது. தன்னை மணக்கக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் ‘என்னிடம் எப்படிப் பேசுவாய்?’ என்று மார்ட்டினா கேட்கிறாள். வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு குரல் கொடுத்து, பிள்ளைகளையே பதில் சொல்ல வையுங்கள். முடிவில் பெரெஸ் கொதிக்கும் பானைக்குள் விழுந்து இறந்துபோகிறான். சிறுவர்களுக்கு ஆகாது என்று அதை மாற்றிவிடாதீர்கள்.

ஸ்பானியச் சொற்களை விழுங்காமல் உரக்க வாசியுங்கள். இதில் தமிழ் அறிந்தவர்களுக்குச் சற்று வசதி உண்டு: ஆங்கிலம் மட்டுமே பழகியவர்கள் தடுமாறும், தலையில் நெளிகோடு தாங்கிய எழுத்து (ñ) ஏறக்குறைய நம் ‘ஞ’தான். பையனைக் குறிக்கும் சொல்லை ‘நிஞோ’ என்றே எழுதிவைத்துக்கொள்ளலாம்.

அடுத்த புத்தகங்களுக்கு, பெல்ப்ரேயின் பெயரால் 1996 முதல் வழங்கப்படும் விருதின் பட்டியலை நூலகரிடம் கேளுங்கள். எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் தனித்தனியே விருது தருகிறார்கள். நாட்டுப்புறக் கதைகளோடு நின்றுவிடாமல், இன்றைய நகரத்து அடுக்ககத்தில் வளரும் பிள்ளையின் கதை ஒன்றையாவது அதிலிருந்து எடுங்கள். இருமொழிப் பதிப்பு கிடைத்தால், ஸ்பானியம் பேசும் அண்டை வீட்டாரை அழைத்து அவர் ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமுமாக வாசிக்கலாம். அவர் உங்கள் உச்சரிப்பைத் திருத்தினால் வாசிப்பை நிறுத்திவிட்டு அதைக் கேளுங்கள்.