மழைக்காலம் முழுக்க மூடிக்கிடந்த நீச்சல் தொட்டியைத் திறப்பது எப்படி?

மேட்டூர் அணைக்கு என்று ஒரு நாள்கணக்கு உண்டு. ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு. தண்ணீர் இருக்கிற வருஷங்களில் இதுதான் வழக்கம். விவசாயத்துக்குச் சரி, பிள்ளைகளுக்குத்தான் வில்லங்கம். பள்ளிக்கூடம் லீவு விடுகிற நேரத்தில் ஆற்றில் மணல்தான் கிடக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்தை ஒட்டின எங்கள் ஊர்ப் படித்துறையில் அப்போது ஆடுகள் படுத்திருக்கும். அதனால்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் கொல்லையில் ஒரு ஃபிரேம் நீச்சல் தொட்டி வாங்கிப் போட்டேன். சுற்றிலும் இரும்புக் கால்கள், உள்ளே தடித்த பிவிசி ஷீட், ஓரத்தில் ஃபில்டரோடு ஒரு சின்ன மோட்டார். 12 அடி அகலம், இரண்டரை அடி உயரம்.

வாங்கிப் போடுவது ஒரு நாள் வேலை. மழை முடிந்து மறுபடி திறப்பதில்தான் ஆள் திணறிப்போவான். இணையத்தில் கிடைக்கிற வீடியோக்கள் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் போட்டவை. அங்கே தண்ணீர் உறையும்போது விரிந்து மோட்டாரையும் குழாயையும் பிளந்துவிடும். அதனால் அவர்கள் பேச்சில் பாதி பனிக்கட்டியைப் பற்றியே இருக்கும். நமக்கு அது வேண்டாம். நம் பிரச்சினை ஐப்பசி கார்த்திகை அடைமழை, கொசு, தவளை, அப்புறம் யாரும் சொல்லாத கோரைக்கிழங்கு.

மாசி பிறந்ததும் தொடங்கிவிடுங்கள். வெயில் ஏற ஏற பாசி வேகமாக வளரும். பங்குனியில் திறந்தால் அதே வேலைக்கு இரண்டு மடங்கு மருந்து செலவாகும்.

1. தார்ப்பாயை எடுப்பது

முதலில் தார்ப்பாய்க்கு மேலே தேங்கி நிற்கும் தண்ணீரை மொண்டு கொட்டுங்கள். அப்படியே இழுத்தால் அழுகின இலை, கொசுப்புழு எல்லாம் உள்ளே விழும். காய்ந்த தரையில் கொட்டினால் புழு செத்துவிடும். வாய்க்காலிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள், அங்கே போய்ப் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்தது, கையை உள்ளே விடாமல் நீளக் கம்பால் மடிப்புகளைத் தட்டுங்கள். நம் பக்கம் கட்டுவிரியன் உண்டு. ராத்திரி திரிந்துவிட்டுப் பகலில் இப்படி இருட்டான மடிப்பில் சுருண்டு கிடக்கும். எனக்கு இதுவரை தேரையும் ஒரு சாரைக்குட்டியும்தான் அகப்பட்டன. ஆனாலும் கம்பு இல்லாமல் நான் போவதில்லை.

2. பழைய தண்ணீரை வைப்பதா, விடுவதா?

கணக்கு எளிது. தொட்டியின் அடி தெரிகிறதா என்று பாருங்கள். பச்சையாக இருந்தாலும் அடி மங்கலாகத் தெரிந்தால் அந்தத் தண்ணீரைத் தேற்றிவிடலாம். கறுத்து, சேற்று வாடை அடித்து, ஒரு சாண் ஆழத்துக்கு மேல் ஒன்றுமே தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மருந்துக்கு ஆகும் காசு தண்ணீருக்கு ஆவதைவிட அதிகமாகிவிடும்.

விடுவது என்றால் தென்னைக்கு. மாதக்கணக்கில் கிடந்த தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்காது, அதனால் பயமில்லை. ஹோஸ் பைப்பைத் தொட்டிக்குள் முழுக்க அமுக்கி, காற்று போனதும் ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து வெளியே எடுத்துத் தரையில் போட்டால் தானாகவே ஓடும். வாயால் உறிஞ்சாதீர்கள்.

3. தரை

முழுக்க வடித்தவர்கள் தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தித் தரையைப் பார்த்துவிடுவது நல்லது. போன வருஷம் எனக்கு ராத்திரிக்கு ராத்திரி ஒரு விரல்கடை தண்ணீர் குறைந்தது. மோட்டார் வாஷரை மாற்றினேன், குழாய் கிளிப்பை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் வடித்துவிட்டு ஷீட்டைத் தூக்கினால், நடுவில் பென்சில் முனை போல ஒரு கோரை முளை நேராக ஷீட்டைக் குத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கிறது. வெள்ளை வெளேரென்று, வெயிலே படாத முளை. கோரைக்கு பிவிசி ஒரு பொருட்டே இல்லை. மேலே வெட்டினால் போகாது, மண்வெட்டியால் தோண்டிக் கிழங்கைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

தோண்டி மூடின தரைக்கு மேலே இரண்டு அங்குலம் சலித்த மணல், மணலுக்கு மேல் பழைய ஃபிளெக்ஸ் பேனர். எங்கள் தொட்டிக்கு அடியில் உறவுக்காரர் வீட்டு மாப்பிள்ளையும் பெண்ணும் கைகூப்பிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். ஓட்டையை பிவிசி பசையும் அதே பிவிசி துண்டும் வைத்து அடையுங்கள். சைக்கிள் கடை பஞ்சர் சொல்யூஷன் ரப்பருக்கானது. இதில் இரண்டு நாள் நின்றுவிட்டு உரிந்து வந்துவிடும்.

மட்டமும் பாருங்கள். நம் களிமண் மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடிக்கிற மண். போன வருஷம் மட்டமாக இருந்தது இந்த வருஷம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கொத்தனார் வைத்திருக்கிற ட்யூப் லெவல் போதும். எதிரெதிர் கால்களுக்கு நடுவில் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சரிசெய்யாமல் நிரப்பாதீர்கள். தண்ணீர் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கக் கால்களை வெளியே தள்ளும்.

கால்களில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து பெயின்ட் அடியுங்கள்.

இதோடு ஒரு சங்கதி. மொட்டை மாடியில் வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வேண்டாம். இரண்டு அடி ஆழத் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் கனக்கும். ஆள் ஏறிப்போகிற மொட்டை மாடிக்கு ஐஎஸ் 875 என்கிற இந்தியக் கட்டடத் தரநிலை எடுத்துக்கொள்ளச் சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது 150 கிலோ சொச்சம்.

4. சுவரைத் தேய்ப்பது

தண்ணீரை வடித்துக் காயவிட்டால் கொசு ஒழிந்தது என்று நினைத்திருந்தேன். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டை வைக்கும். அந்த முட்டை காய்ந்துபோய் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நீங்கள் நிரப்புகிற தண்ணீர் அதைத் தொட்டதும் பொரியும். ஆகவே நீர்க்கோடு இருந்த இடத்தை மென்மையான பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். கம்பி நார் வேண்டாம், ஷீட் கீறிவிடும்.

5. நிரப்புவதும் மோட்டாரும்

ஃபில்டர் கேட்ரிட்ஜ் மடிப்புகளை விரித்து ஹோஸால் பீய்ச்சிக் கழுவுங்கள். கறுத்திருந்தால் புதிது போடுங்கள். ஓ-ரிங்கில் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) வெடிப்பு இருந்தால் அதையும் மாற்றுங்கள். மோட்டார் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் கரண்ட்டை அறுத்துவிடும் சுவிட்ச்) இல்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை முதலில் போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். ஆட்கள் தண்ணீருக்குள் இருக்கும்போது மோட்டார் ஓடக்கூடாது. எங்கள் வீட்டில் பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் ஏணியே வரும்.

6. மருந்து

இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டேன். முதல் வருஷம் பிளீச்சிங் பவுடரை ஒரு கிண்ணத்தில் எடுத்து அப்படியே தொட்டிக்குள் தூவினேன். அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்தது, விழுந்த இடத்தில் ஷீட்டின் நீலம் வெளுத்துப்போனது. எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“தம்பி, கோலமா போடுறீங்க? வாளித் தண்ணியில தூளப் போட்டுக் கலக்குங்க. அரை மணி நேரம் தெளிய விடுங்க. மேல் தெளிவ மட்டும் ஊத்துங்க, அடி வண்டல் வேணாம்.”

அன்றிலிருந்து அப்படித்தான். தண்ணீரில்தான் தூளைப் போட வேண்டும், தூளின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. பிளாஸ்டிக் வாளி, காற்று வருகிற இடம், கண்ணுக்குக் கண்ணாடி.

எவ்வளவு போடுவது என்பதற்குத் தொட்டியின் கொள்ளளவு தெரிய வேண்டும். என் தொட்டியின் ஆரம் 1.83 மீட்டர். அதை அதனாலேயே பெருக்கி, 3.14-ஆல் பெருக்கினால் 10.5 சதுர மீட்டர். தண்ணீர் ஆழம் 62 சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 6.5 கன மீட்டர், அதாவது 6,500 லிட்டர்.

1,000 லிட்டருக்கு 1 கிராம் குளோரின் என்பது 1 பிபிஎம். திறக்கும்போது ஒருமுறை 10 பிபிஎம் கொடுக்க வேண்டும். 6,500 லிட்டருக்கு 65 கிராம் குளோரின். புது பிளீச்சிங் பவுடரில் நூற்றுக்கு முப்பது பங்குதான் குளோரின் என்பதால் தூள் கணக்கில் 215 கிராம் சொச்சம். பிரித்து வைத்த பழைய பாக்கெட் என்றால் வீரியம் போயிருக்கும், கணக்கு உதைக்கும். சிறு பாக்கெட்டாக வாங்குங்கள்.

பொழுது சாய்ந்த பிறகு ஊற்றுங்கள். பகலில் ஊற்றினால் பாதியை வெயில் தின்றுவிடும். ராத்திரி முழுக்க மோட்டார் ஓடட்டும்.

பிளீச்சிங் பவுடரோடு வேறு எதையும் கலக்காதீர்கள். ஆசிட் பட்டால் விஷவாயு. கடையில் விற்கிற குளோரின் வில்லையோடு ஒரே வாளியில் சேர்ந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் கூடும். நம் வீடுகளில் யூரியா மூட்டை, டீசல் கேன் எல்லாம் ஒரே கொட்டகையில்தான் இருக்கும். இந்தத் தூளை அங்கே வைக்காதீர்கள்.

7. தண்ணீர் டீ நிறத்துக்கு மாறினால்

போர் தண்ணீரில் நிரப்பினவர்களுக்கு இது. இரண்டாம் வருஷம் பளிங்கு போல இருந்த தண்ணீரில் மருந்தை ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள் என் மகள், “அப்பா, தொட்டித் தண்ணி டீ ஆயிடுச்சுப்பா” என்கிறாள். நிஜமாகவே பால் ஊற்றாத டீ.

தண்ணீர் கெட்டுப்போகவில்லை. போர் தண்ணீரில் இரும்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். குளோரின் பட்டதும் அது துருவாகி நிறம் காட்டுகிறது. குழாய் வாயில் வேட்டித் துணி கட்டினால் நின்றுவிடும் என்பார்கள். கரைந்த இரும்பு துணிக்குள் புகுந்து வந்துவிடும், நிற்காது. துருவான பிறகுதான் பிடிக்க முடியும்.

மோட்டாரை நிறுத்துங்கள். 100 கிராம் படிகாரத்தைப் பொடித்துக் கரைத்துப் பரவலாக ஊற்றி, பத்து நிமிஷம் மெதுவாகக் கலக்கிவிட்டு, ஒரு ராத்திரி தொடாமல் விடுங்கள். காலையில் அடியில் செம்மண் படலம் மாதிரி படிந்திருக்கும். அதைக் கலக்காமல் ஹோஸ் பைப்பால் உறிஞ்சி வெளியே விடுங்கள். மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால் கேட்ரிட்ஜ் அடைத்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரைத் தேற்றுகிறவர்களும் பாசி செத்துச் சாம்பல் நிறமானதும் இதையே செய்யலாம். மிச்சமுள்ள மங்கலை ஃபில்டர் இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடும். கேட்ரிட்ஜை மட்டும் தினம் கழுவ வேண்டும்.

8. எப்போது இறங்கலாம்?

தண்ணீரில் முக்கி நிறம் பார்க்கிற சோதனைக் கீற்று ஆன்லைனில் கிடைக்கிறது. குளோரின் 1 முதல் 3 பிபிஎம், பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 7.2 முதல் 7.8, காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம். பத்து பிபிஎம் கொடுத்த தண்ணீர் வெயிலில் இரண்டு மூன்று நாளில் இந்த அளவுக்கு இறங்கும். அதுவரை யாரும் இறங்க வேண்டாம், கண் எரியும். காரத்தன்மை குறைவாக இருந்தால் ஆப்ப சோடா போதும். என் தொட்டிக்கு 110 கிராம் போட்டால் 10 ஏறும். பிஎச் ஏறியிருந்தால் நீச்சல் தொட்டிக்கென்று விற்கிற உலர் அமிலத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குறையுங்கள். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைத் தொடாதீர்கள்.

அப்புறம் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை உள்ளே போடுங்கள். கரையில் நின்றபடி அது தலையா பூவா என்று சொல்ல முடிந்தால் பிள்ளைகளை இறக்கலாம். முடியாவிட்டால் இன்னொரு ராத்திரி மோட்டார் ஓடட்டும்.

கோடை முழுக்க தினம் மாலை 40 கிராம் பவுடரின் தெளிவு, ஆறு மணி நேரம் மோட்டார். நிறையப் பேர் குளித்த நாளில் கீற்றைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கரையேறியதும் ஏணியை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது நெல் மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது.