வாசல் விளக்கை எரிய விடுங்கள்: ஸ்காபரோவில் முதல் இலையுதிர் காலம்

பிள்ளைகளோடு வாழ்வதற்காகக் கனடா வந்திருக்கும் ஓய்வுபெற்ற தம்பதியருக்காக இதை எழுதுகிறேன். நானும் என் மனைவியும் ஒரு செப்டெம்பர்க் கடைசியில் ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தோம். பனிக்காலத்தைப் பற்றி எல்லோரும் எச்சரித்தார்கள். அதற்கு முன்னால் வரும் இரண்டு மாதங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒக்டோபரில் பகலில் 14, 15 பாகை வெப்பம் இருக்கும். இரவில் 5 பாகைக்கு இறங்கிவிடும். காலையில் போட்ட தடித்த குளிர்ச்சட்டை மதியம் வியர்க்க வைக்கும். ஆகவே மெல்லிய உடுப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அணியுங்கள். மேலே காற்றுப் புகாத ஒரு சட்டை, காதை மூடும் ஒரு தொப்பி. சப்பாத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மழையில் நனைந்த மேப்பிள் இலை நடைபாதையில் ஒட்டிக் கிடக்கும்போது, பாசி பிடித்த கிணற்றடியைப் போல வழுக்கும். நம் வயதில் விழுந்தால் எழும்ப மாதங்கள் ஆகும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்திருங்கள். ரொறன்ரோவில் வீட்டைச் சூடாக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையதாக இருந்தால், குளிர் மாதங்களில் குறைந்தது 21 பாகையில் வைத்திருப்பது அவர் கடமை. அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் நீண்டகாலம் தங்கிப் போவதற்கான சுப்பர் விசாவில் வந்தவர்களுக்கு ஒன்ராறியோவின் பொது மருத்துவக் காப்புறுதி கிடையாது. ஒரு இலட்சம் டொலருக்குக் குறையாத தனியார் காப்புறுதி எடுத்துத்தான் வந்திருப்பீர்கள். அந்தப் பத்திரம் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சளிக்காய்ச்சல் தடுப்பூசியும் இந்தக் காலத்தில்தான் போடப்படும். உங்களுக்கு எங்கே கிடைக்கும் என்று மருந்தகத்தில் விசாரியுங்கள்.

வெயில் உள்ள ஒரு நாளில் ரூஜ் தேசிய நகரப் பூங்காவுக்குப் போய்விடுங்கள். ஸ்காபரோவின் கிழக்கு எல்லையில், விலங்குக் காட்சிச்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. இலைகளின் மஞ்சள் நிறம் கோடை முழுவதும் பச்சைக்குள் மறைந்திருந்தது. பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. உதிரப்போகும் நேரத்தில் இலை அதைப் புதிதாக உண்டாக்குகிறது. இதை அறிந்த பிறகு அந்த மரங்களின் கீழே நான் நின்ற விதமே மாறிவிட்டது.

இலை கூட்டுவது இங்கே வீட்டாரின் வேலை. மண்ணிறக் கடதாசிப் பைகளில் கட்டி, நகரசபை குறித்த நாளில் வீதியோரம் வைக்க வேண்டும். பொலித்தீன் பையில் கட்டினால் எடுக்கமாட்டார்கள். ஒரு பை 20 கிலோவைத் தாண்டக்கூடாது. ஈர இலை நினைப்பதைவிடப் பாரம் என்பதால் பாதிப் பையோடு நிறுத்துங்கள், முதுகுக்கும் நல்லது. அயலவரோடு எங்கள் முதல் பேச்சு இந்த இலைவாரியைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்கியது. எதிர்வீட்டு முதியவர் கையசைத்தார், நானும் அசைத்தேன். அடுத்த கிழமை இருவரும் வேலிக்கு இப்புறமும் அப்புறமும் நின்று அரை மணி நேரம் பேசினோம்.

இனி ஹலோவீன்: ஒக்டோபர் 31 இரவு பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக வந்து இனிப்புக் கேட்கும் நாள். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் முதல் ஒக்டோபரின் நடுவில் பக்கத்து வீட்டுப் புல்தரையில் கல்லறைக் கற்கள் முளைத்தன. மரக்கிளையில் ஓர் எலும்புக்கூடு தொங்கியது. செத்தவீட்டு அடையாளங்களை ஆசையோடு வாசலில் வைப்பார்களா என்று என் மனைவி கலங்கிப்போனாள். 31ஆம் திகதி பொழுதுபட்டதும் வாசல் விளக்கை அணைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளே இருந்தோம். தெருவெல்லாம் பிள்ளைகளின் சிரிப்பு. எங்கள் வாசலுக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. வேலை முடிந்து வந்த மகள்தான் விளக்கினாள்: வாசல் விளக்கு எரிந்தால் “வாருங்கள்” என்று பொருள், அணைந்திருந்தால் “இன்று வேண்டாம்” என்று பொருள். தெரியாமலே ஊர்ப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருந்தோம்.

அந்த எலும்புக்கூட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் அறுவடை முடிந்து இருள்காலம் தொடங்கும் இந்த இரவில், இறந்தோர் நடமாடுவதாக நம்பினார்கள். பின்னர் நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர் திருநாள் ஆனது. அதற்கு முந்தைய மாலையே ஹலோவீன். நவம்பர் 2இல் நம் கத்தோலிக்க மக்கள் பூவும் மெழுகுதிரியும் கொண்டு சேமக்காலைக்குப் போவதும் இதை ஒட்டிய வழக்கமே. அயர்லாந்தில் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், இந்தக் கண்டத்துக்கு வந்து பூசணிக்காயைக் குடைந்தார்கள். புரட்டாசியில் மகாளயம் செய்யும் நமக்கு, முன்னோரை நினைக்கும் ஒரு காலம் அந்நியமான ஒன்றா?

இரண்டாம் ஆண்டு நாங்கள் ஆயத்தமானோம். நீங்கள் முதல் ஆண்டிலேயே ஆயத்தமாகலாம். எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்பது தெருவுக்குத் தெரு மாறும். அயலவரைக் கேளுங்கள், பேசுவதற்கும் அது நல்ல சாட்டு. கடையில் தனித்தனியாக உறையிட்டு வரும் சிறிய சொக்லேட், மிட்டாய்ப் பெட்டிகளையே வாங்குங்கள். வீட்டில் சுட்ட முறுக்கும் பயற்றம் பணியாரமும் எவ்வளவு அன்போடு செய்தவையானாலும் கொடுக்க வேண்டாம். உறையில்லாத உணவைப் பெற்றோர் எறிந்துவிடுவார்கள். நிலக்கடலை கலந்ததைத் தவிருங்கள். சில பிள்ளைகளுக்கு அது உயிராபத்து. நீலப்பச்சை நிறம் பூசிய பூசணிக்காயை ஒரு வாசலில் கண்டால், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு அங்கே பென்சில், ஒட்டுப்படம் போன்ற உணவல்லாத பொருள்கள் இருக்கின்றன என்று அர்த்தம்.

ஐந்தரை மணிக்கே சின்னஞ்சிறுசுகள் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு வரத் தொடங்கும். எட்டரை மணியளவில் ஓய்ந்துவிடும். கதவு அடிக்கடி திறப்பதால் குளிரும். சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலருகே கதிரையில் இருங்கள். “ட்ரிக் ஓர் ட்ரீட்” என்று இனிப்புக் கேட்பார்கள். “ஹப்பி ஹலோவீன்” என்று சொல்லி ஆளுக்கு ஒன்றிரண்டைப் பையில் போடுங்கள், போதும். அதற்குமேல் ஆங்கிலம் தேவையில்லை. வளர்ந்த பையன்கள் வந்தாலும் வயதைக் கேட்காமல் கொடுங்கள். இனிப்பு முடிந்தால் விளக்கை அணைத்துவிடலாம். உடம்பு முடியாத ஆண்டில் ஏற்றாமலே விடலாம், யாரும் பிழையாக நினைக்கமாட்டார்கள். தொடர்மாடியில் இருப்பவர்கள் கீழே வரவேற்புக் கூடத்தில் பெயர்ப்பட்டியல் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சில கட்டடங்களில் அதில் வீட்டு இலக்கத்தை எழுதினால்தான் பிள்ளைகள் வருவார்கள்.

2024இல் தீபாவளியும் ஒக்டோபர் 31ஆம் திகதியே வந்தது. அப்படி நெருங்கி வரும் ஆண்டுகளில் படியில் அகல்விளக்கு வைக்காதீர்கள். வேடத் துணிகள் தரையில் இழுபடும், சட்டென்று தீப்பிடிக்கும். வெளியே மின்கல விளக்கு, எண்ணெய் விளக்கு உள்ளே சாமியறையில்.

அந்த இரண்டாம் ஆண்டு இரவில் டைனோசர் வேடம் போட்ட ஒரு சிறுவன் வந்தான். “இவனுக்கு இரண்டு போடுங்கள், பிள்ளை குளிரில் நடுங்குகிறான்” என்று என் மனைவி என்னிடம் தமிழில் சொன்னாள். டைனோசரின் வாய்க்குள்ளிருந்து குரல் வந்தது: “நன்றி, அம்மம்மா.” மூன்று வீடு தள்ளி ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பது பதின்மூன்று மாதங்களாக எங்களுக்குத் தெரியாது. அவன் தாய் நடைபாதையிலிருந்து ஓடி வந்தாள். ஊர் எது என்று கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றோம். பகல் முழுவதும் பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் நம்மைத் தேடி ஒரு தெருவே கதவு தட்டும் இரவு, ஆண்டில் இது ஒன்றுதான். அதனால்தான் விளக்கை எரிய விடுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அதன்பின் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். நடையைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். புகை எச்சரிக்கைக் கருவியின் மின்கலத்தையும் அன்றே பாருங்கள். குடைவதற்கான பெரிய பூசணிக்காய் நாரும் நீருமாக இருக்கும், கறிக்கு உதவாது. கறிக்குச் சிறிய இனத்தைத் தனியாக வாங்குங்கள். குடைந்த பூசணிக்காயை எறிய அவசரப்பட வேண்டாம். நவம்பர் 1 மாலை ரொறன்ரோவின் பல பூங்காக்களில் அயலவர்கள் தங்கள் பூசணிக்காய்களைக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கி, கடைசி முறையாக உள்ளே விளக்கேற்றுவார்கள். பிறகு நகரசபை அவற்றை உரமாக்க எடுத்துச் செல்லும். உங்களுடையதையும் கொண்டு போங்கள். புல் ஈரமாக இருக்கும், ஒரு கைவிளக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.