பெரிய பகா எண்ணைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளில் பகா எண்ணுக்கு நிரல் எழுதத் தொடங்கும் பிள்ளைகள் வருஷா வருஷம் அதே இடங்களில்தான் வழுக்குகிறார்கள். 1-ஐச் சேர்ப்பது, 2-ஐ மறப்பது எல்லாம் நிரலை ஓட்டிப் பார்த்ததுமே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுவோம்.

ஃபெர்மா சோதனையில் தேறினாலே பகா எண் என்று முடிவுகட்டுவது

இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. ஓர் எண் பகா எண் என்றால், அந்த எண்ணால் வகுபடாத எந்த அடிமானத்தையும் அந்த எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வரும். இதன் மறுதலை உண்மையல்ல. 341 = 11 × 31; ஆனாலும் 2^340-ஐ 341-ஆல் வகுத்தால் மீதி 1.

அடிமானத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. ராமானுஜன் புகழ்பெறச் செய்த 1729-ஐயே எடுங்கள்: 7 × 13 × 19. ஒவ்வொன்றிலும் 1 குறைத்தால் 6, 12, 18; மூன்றும் 1728-ஐ மீதியின்றி வகுக்கும். அதனால் 7, 13, 19-ஆல் வகுபடாத எந்த அடிமானத்தை வைத்தாலும் 1729 தேறிவிடும். இப்படிப்பட்டவை கார்மைக்கேல் எண்கள். அவற்றுக்கு முடிவே இல்லை என்று 1994-இல் நிரூபித்தார்கள். கிருஷ்ணகிரி மண்டியில் மேலாகப் பார்த்து அழுகிய மாம்பழத்தை ஒதுக்குவது மாதிரிதான் ஃபெர்மா சோதனை: ஒதுக்கியது நிச்சயம் அழுகல், மிஞ்சியதற்கு உத்தரவாதம் கிடையாது.

மில்லர்–ரேபின் சோதனைக்கு மாறுங்கள். அடுக்கிலுள்ள 2-களை எல்லாம் பிரித்தெடுத்துவிட்டு, மிஞ்சிய ஒற்றைப்படை அடுக்கில் தொடங்கி வர்க்கித்துக்கொண்டே போகும் சோதனை அது. 1728 = 64 × 27. 2^27-ஐ 1729-ஆல் வகுத்தால் மீதி 645. அதை வர்க்கித்தால் மீதி 1065. மறுபடி வர்க்கித்தால் 1. 1729 பகா எண்ணாக இருந்தால், 1 வருவதற்கு முந்தைய மீதி 1 அல்லது 1728 ஆகத்தான் இருக்க முடியும். 1065 வந்ததுமே குட்டு வெளிப்பட்டுவிட்டது. 1065-இல் 1 குறைத்தால் 1064; 1064, 1729 இரண்டின் மீப்பெரு பொது வகுத்தி 133. காரணியும் சேர்ந்தே கிடைக்கிறது.

இங்கும் 2-ஐ மட்டும் நம்பாதீர்கள், 2047 தப்பிவிடும். 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களையும் அடிமானமாக வைத்தால், 2^64-க்கு உட்பட்ட எல்லா எண்ணுக்கும் முடிவு உறுதி.

அடுக்கை முழுதாகக் கணக்கிட்டுவிட்டு மீதி எடுப்பது

2^1728-க்கே 521 இலக்கங்கள். ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் மீதி எடுங்கள். 64 பிட் மாறியில் இரண்டு 10 இலக்க எண்களைப் பெருக்கினாலே வழிந்துவிடலாம். நிரல் பிழை எதுவும் காட்டாமல் தவறான விடை தரும். பெருக்கலை 128 பிட்டில் செய்யுங்கள்.

வர்க்கமூலத்தைத் தசமத்தில் எடுப்பது

வர்க்கமூலம் வரை ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்ப்பவர்கள் செய்யும் தவறு இது. 2^53-ஐத் தாண்டினால் துல்லியம் போய்விடும். முழு எண் வர்க்கமூலம்தான் வேண்டும்.

அடுக்கு பகா எண் என்றால் மெர்சேன் எண்ணும் பகா எண் என்று நம்புவது

2-இன் அடுக்கில் 1 குறைத்தால் கிடைப்பது மெர்சேன் எண். 11 பகா எண்தான்; ஆனால் 2^11 − 1 = 23 × 89. பிரெஞ்சு அறிஞர் மெர்சேன் 1644-இல் பகா எண்களின் பட்டியலில் சேர்த்த 2^67 − 1-ஐ, 1903-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் 193707721 × 761838257287 என்று உடைத்தார். இங்கே லூகாஸ்–லேமர் சோதனையைப் பயன்படுத்துங்கள்: 4-இல் தொடங்கி, வர்க்கித்து, 2 கழித்து, அந்த மெர்சேன் எண்ணால் வகுத்து மீதி எடுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்ததும் 0 வந்தால் பகா எண். 127-க்கு, அதாவது 2^7 − 1-க்கு, 14, 67, 42, 111, 0.

'உலகின் மிகப் பெரிய பகா எண்' என்று எழுதுவது

அப்படி ஒன்று கிடையாது. 2024-இல் கண்டறிந்த, 41,024,320 இலக்கங்கள் கொண்ட 2^136279841 − 1-உம் அதுவரை தெரிந்தவற்றில்தான் பெரியது.